இரண்டு சாண் தள்ளிப்போன ஏழாம் எண்

என் மக்களே, நீ சுகமாக இருப்பதை நேற்றுதான் போனில் கேட்டுக்கொண்டேன். அதனால் நலம் விசாரிக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீயும் உன் மனைவியும் விடைபெற வருகிறீர்கள். அதற்கு மறுவாரம் விமானம். உன் அப்பா நேந்திரங்காய் சிப்ஸைப் பொட்டலம் போடுவதும், நீங்கள் போகிற நாட்டுக் குளிரில் இது நமத்துப்போகுமா என்று என்னைக் கேட்பதுமாக வீட்டைச் சுற்றி வருகிறார். முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சத்துணவுப் பதிவேடு எழுதிய கை என்னுடையது; பாடம் நடத்தாமலே ஊருக்கு டீச்சர் ஆனவள் நான். எழுத எனக்குப் பயம் கிடையாது. இருந்தாலும் இந்தக் கடிதத்தை நாலு நாளாகத் தொடங்குவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. நீ வருவதற்குள் இது உன் கையில் கிடைத்துவிட வேண்டும் என்றுதான் இன்றைக்கே அனுப்புகிறேன்.

உன் கல்யாண வரவேற்பில், உன்னோடு வேலை பார்க்கும் ஒரு பையன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அம்மா, உங்க மகனோட கட்டுரைய எத்தனை பேரு மேற்கோள் காட்டியிருக்காங்க தெரியுமா?" என்றான். எனக்கு அது என்னவென்று தெரியாது, சொல்லு தம்பி என்றேன். அவன், வேறொரு நாட்டில் ஒருவர் ஒன்றை அளக்கும்போது, இன்னார் சொன்ன வழியை நம்பித்தான் இதைச் செய்தேன் என்று பெயர் போட்டு எழுதி வைப்பது என்றான். பனிமலை உருகுவதை அளப்பவர்கள், ஆற்றுத் திட்டு கரைவதை அளப்பவர்கள், சுரங்கம் சரிவதை அளப்பவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனான். நான் பனியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பனியின் மேல் நிற்கும் ஒருவர் என் மகன் பேச்சை நம்பி நிற்கிறார் என்று கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. "எந்தக் கட்டுரை தம்பி?" என்று கேட்டேன். "நம்ம ராஜாக்கமங்கலம் கடற்கரைய வச்சு எழுதுனதுதான். ஏழாம் பாயிண்ட் கட்டுரைன்னு சொன்னாலே எங்களுக்குத் தெரியும்" என்றான். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு நான் என்ன பதில் சொன்னேன், யாருக்குப் பந்தியில் இடம் காட்டினேன் என்று எனக்கு ஓர்மையே இல்லை.

ஏழாம் பாயிண்டை நகர்த்தியது நான்தான்.

இப்போது முதலிலிருந்து சொல்லுகிறேன். உன் ஆராய்ச்சிப் படிப்பின் இரண்டாம் வருஷம் அது. கடல் ஒவ்வொரு பருவத்திலும் நம் கரையில் எவ்வளவு மண்ணைத் தின்கிறது, எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதைப் படங்களை வைத்தே அளக்கப் போகிறேன் என்று வந்து நின்றாய். பறக்கும் கேமராவைப் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டு வந்தாய். நாகர்கோவிலில் பிளக்ஸ் அடிக்கிற கடையில், கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட இரண்டடிச் சதுரத் துண்டுகள் பன்னிரண்டு அடித்து வாங்கினாய். ஒவ்வொன்றிலும் ஓர் எண். கரையோரத்திலும் தென்னை நிற்கிற விளைகளிலும் பாதையோரங்களிலும் அவற்றை விரித்து, நாலு மூலையிலும் ஆணி அடித்தாய். ஒவ்வொன்றின் நடுவிலும் கம்பை ஊன்றி, அதன் தலையிலிருந்த கருவியால் அதன் இடத்தை வானத்துச் செயற்கைக்கோளிடம் கேட்டு வாங்கிக் குறித்துக்கொண்டாய். உன் அப்பா குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். மறுநாள் காலையில் கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் படம் எடுப்பது என்று ஏற்பாடு. சாயங்காலம் பேட்டரி வாங்கிவர நீ நாகர்கோவிலுக்குப் போனாய்.

நீ போன கொஞ்ச நேரத்தில் தங்கம்மை அக்கா நம் முற்றத்துக்கு வந்தாள். இடியாப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிற ஒற்றைப் பெண் அவள் என்பதும், கடலுக்குப் போகிற பாதையில் இரண்டு முறி வீடும் ஆறு தென்னையும்தான் அவளுக்கு உண்டென்பதும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அவள் பிறந்த வீடு ரோடு அகலப்படுத்தியபோது போனது. முதலில் யாரோ வந்து மதிலில் ஒரு பெயிண்ட் அடையாளம் போட்டார்கள். கேட்டதற்குச் சும்மா அளக்கிறோம் என்றார்களாம். அப்புறம் ஒரு நாள் வீடே இல்லை. நீ அன்றைக்கு ஏழாம் எண்ணை விரித்தது அவள் நிலத்துக்குள்ளே. மதில் இல்லாததால் அது அவள் நிலம் என்று உனக்குத் தோன்றவில்லை.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள். "டீச்சரே, எனக்குப் படிப்பு கிடையாது. உம்மவன் நல்லவன்தான். ஆனா அவன் அடிச்ச ஆணி எனக்க நெஞ்சுலயாக்கும் இருக்கு. அடையாளம் போட்டாச்சுண்ணா வீடு போச்சு. நான் ஒரு தடவ பாத்தாச்சு."

"அக்கா, அது சும்மா போட்டோ எடுக்கதுக்காக்கும். நாளைக்குச் சுருட்டி எடுத்துட்டுப் போவான்."

"அன்னைக்கும் இப்பிடித்தான் சொன்னானுவ. எனக்க அதிருக்கு அந்தாண்ட நீக்கிப் போடச் சொல்லு. ரெண்டு சாண் போதும். நான் வேற என்ன கேக்கேன்?"

நான் உனக்குப் போன் செய்திருக்கலாம். நீ வந்ததும் சொல்லியிருக்கலாம். இரண்டு சாண்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். நானே போய் நாலு ஆணியையும் பிடுங்கி, துண்டை அவள் எல்லைக்கு வெளியே, பாதை பக்கமாக இழுத்து, குழவிக்கல்லால் ஆணியை மறுபடி அடித்தேன். பழைய இடத்தில் மண்ணைச் சமமாக வாரியலால் பெருக்கி விட்டேன். பதிவேட்டில் ஒரு எழுத்து மாறினால் தூக்கம் வராதவள் நான். மண்ணும் ஒரு பதிவேடுதான் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. நீ களைத்து வந்து சாப்பிட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் உன் கேமரா மூன்று தென்னை உயரத்தில் ரீங்காரம் போட்டுக்கொண்டு போய் வந்தது. மதியத்துக்குள் பன்னிரண்டு துண்டுகளையும் சுருட்டிக்கொண்டு போனாய். தங்கம்மை அக்கா ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய இடியாப்பம் கொண்டு வந்து வைத்தாள். எல்லாம் சுபமாக முடிந்தது என்று நான் நினைத்தேன்.

அப்புறம் உனக்கு நடந்தது உனக்கே தெரியும். ஆனால் நான் அதை எங்கிருந்து பார்த்தேன் என்பது உனக்குத் தெரியாது. படங்களையெல்லாம் கணினியில் சேர்த்துக் கரையைக் கட்டி எழுப்பினால், கரை ஓரிடத்தில் தூக்கியும் ஓரிடத்தில் அமுங்கியும் கோணலாக வந்தது. அலை எத்தனை மண்ணை எடுத்தது என்று சொல்லவே முடியவில்லை. உன் வழிகாட்டி நீ கருவியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்றார். மறுபடி அளக்கலாம் என்றால், அதற்குள் ஆனி ஆடிக் கடல் வந்து கரையின் உருவத்தையே மாற்றிவிட்டது. பாதி உதவித்தொகைக் காலம் போனது. நீ நம் வீட்டுப் பின்முறியில் வந்து அடைந்து கிடந்தாய். தாடி வளர்த்தாய். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொன்னாய். "நான் அளந்தது செரிதாம்மா. எனக்குத் தெரியும். ஆனா தப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க முடியல" என்று ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னாய். அன்றைக்கு நான் கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

நான் வாயைத் திறந்தேன்தான். ஆனால் என்ன சொன்னேன் தெரியுமா? "விடு மக்களே. அப்பாவுக்க கூட்டுக்காரன் துபாய்ல சர்வே கம்பெனியில ஆள் எடுக்கானாம், போறியா?" என்றேன். என் பயத்தை மறைக்க உன் படிப்பையே விடச் சொன்னேன். உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால் ஏழாம் எண்ணை யாரும் கேட்க மாட்டார்கள் என்று என் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஒரு தாய் அப்படி நினைப்பாளா என்று நீ கேட்கலாம். நான் நினைத்தேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாய். இந்தக் கடிதத்தில் நான் வெட்கப்படுகிற இடம் ஆணி பிடுங்கிய இடமல்ல, இதுதான்.

தங்கம்மை அக்காவுக்கும் விஷயம் எட்டியது. உன் அப்பா பால் வாங்கப் போன இடத்தில், எங்கேயோ அளவு தப்பாகிப் போனதால் பையனுக்குப் படிப்பு நின்றுவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அன்றையிலிருந்து நீ வீட்டில் இருந்தால் அவள் நம் முற்றத்துக்கு வருவதில்லை. நீ பாதையில் வந்தால் அவள் விளைக்குள் இறங்கிவிடுவாள். நாங்கள் இரண்டு பெண்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டது கிடையாது.

ஒரு புதன்கிழமை காலை. நான் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ பின்முறியிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாய். "அம்மா, ஏழு! ஏழாம் பாயிண்டாக்கும் பொய் சொல்லுகு!" உன் அப்பா பயந்து எழுந்து வந்துவிட்டார். நீ அவரை உட்கார வைத்து, டம்ளர்களைத் தரையில் பரப்பி விளக்கினாய். "அப்பா, பன்னிரண்டு பேரையும் ஒண்ணா நம்புனதுதான் நான் செஞ்ச தப்பு. ஒருத்தன் சொன்ன பொய்ய மத்த பதினோரு பேரும் பங்கு போட்டுக்கிட்டான். அதான் கரையே வளைஞ்சு போச்சு. இப்ப ஒவ்வொருத்தனையா வெளிய நிறுத்திப் பாத்தேன். மிச்சம் பதினோரு பேருகிட்ட, இவன் எங்க நிக்கணும்னு கேட்டேன். எல்லாரையும் ஒரு விரல் அகலத்துக்குள்ள செரியா காட்டுகு. ஏழ மட்டும் வேற இடத்துல காட்டுகு." அப்புறம் நீ என் பக்கம் திரும்பிச் சொன்னாய்: "ரெண்டு சாண், அம்மா. ரெண்டு சாண், பாதை பக்கமா நகந்திருக்கு."

மக்களே, அந்த நேரத்தில் எனக்கு வந்தது பயம் மட்டுமில்லை. நான் பெருக்கி மறைத்த தடத்தை, நான் இழுத்த திசையை, தங்கம்மை அக்கா வாயிலிருந்து வந்த அதே அளவை, ஆளில்லாத நேரத்தில் நான் செய்ததை, பல மாதம் கழித்து ஒரு முறிக்குள் உட்கார்ந்துகொண்டு நீ சொன்னாய். அந்தக் கரையில் பழைய மண் ஒரு பிடிகூட மிச்சமில்லை. துண்டு சுருட்டப்பட்டுவிட்டது. ஆணித் துவாரம் தூர்ந்துபோய்விட்டது. படங்கள் மட்டும் இருந்தன, உன் பொறுமை இருந்தது. கோயில் நடை திறக்கும்போது கைகள் தாமாகக் கூப்பிக்கொள்ளுமே, அப்படி என் கை கத்தியோடு நெஞ்சுக்குப் போனது. பிரமித்துப்போய் நின்றேன். அந்தப் பிரமிப்போடு அதே வாயால் பொய்யும் சொன்னேன்.

"மாடு ஏதாவது இடிச்சிருக்கும்" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாய். பிறகு மெதுவாக, "ஆமாம்மா. மாடாத்தான் இருக்கும்" என்றாய். அப்பா எழுந்து போய்விட்டார். நான் மரச்சீனியை நறுக்கினேன். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அதன் பிறகு உன் கட்டுரை வெளியானது. பட்டம் வாங்கினாய். வேலை கிடைத்தது. ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டுரைகள் வந்தன. கல்யாணத்துக்குப் பிறகு, உன் பெயரைப் போட்டால் உன் கட்டுரைகளும், ஒவ்வொன்றையும் எத்தனை பேர் சுட்டியிருக்கிறார்கள் என்கிற எண்ணும் வருகிற பக்கத்தை உன் அப்பா போனில் கண்டுபிடித்துவிட்டார். காலையில் செய்தித்தாளுக்கு முன் அதைத்தான் பார்ப்பார். "ரெண்டு கூடியிருக்கு கேட்டியா" என்பார். எண் கூடக் கூட எனக்குள் ஒரு பாரமும் கூடியது. என் பொய்யின் மேல் உலகமே வந்து நிற்பதாகத் தோன்றியது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் வந்தாள். கேரளத்துப் பெண், ஆராய்ச்சி மாணவி. அவர்கள் ஊர்க் கரையில் உன் முறையில் அளக்கப் போகிறாளாம். அதற்கு முன் முதலில் செய்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பஸ் மாறி வந்திருந்தாள். உன்னிடம் மெயிலில் விலாசம் வாங்கியதாகச் சொன்னாள். சாயா கொடுத்தேன். பையிலிருந்து உன் கட்டுரையை எடுத்தாள். ஓரமெல்லாம் பென்சில் எழுத்து, மடித்து மடித்துக் கிழிந்துபோயிருந்தது. இவ்வளவு கைபட்ட காகிதத்தை நான் பரீட்சைக் காலத்துப் பிள்ளைகளிடம்தான் பார்த்திருக்கிறேன். அதில் நம் வீட்டை மேலேயிருந்து பார்த்தேன். ஓட்டுக் கூரை, நட்சத்திரம் நட்சத்திரமாகத் தென்னைகள், தங்கம்மை அக்காவின் துணிக்கொடி. கீழே கடல், வெள்ளை நூல் போல அலை. நான் அறுபது வருஷம் நடந்த இடம். ஒரு நாள்கூட அதை நான் பார்த்ததில்லை என்று தோன்றியது.

"ஏழாம் பாயிண்ட் எவிடெயா அம்மே?" என்று அந்த இடத்தைக் கேட்டாள். சமாளிக்கப் பார்த்தேன். "அது மாடு இடிச்சதாக்கும்" என்றேன்.

அவள் முகம் மாறியது. "மாடா? இதில் அப்படி இல்லையே அம்மே" என்று கடைசிக்கு முந்திய பக்கத்தைத் திருப்பினாள். ஆங்கிலத்தில் ஒரு வரி, அவள் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தாள். அதைத் தன் மலையாளத்தில் எனக்குச் சொன்னாள். நான் அதைத் தமிழில் எழுதுகிறேன், தப்பு இருந்தால் மன்னித்துக்கொள். "ஏழாம் அடையாளத்தை அங்கே வசிக்கும் ஒருவர், தமக்குத் தக்க ஒரு காரணத்துக்காக நகர்த்தியிருக்கிறார். இதில் பிழை அவருடையதல்ல. எதற்காக அளக்கிறோம் என்று அந்த மண்ணில் இருப்பவர்களிடம் சொல்லாமல் அடையாளம் வைத்த எங்களுடையது."

இந்த வரியைப் படித்துவிட்டுத்தான் அவள் தன் ஊரில் வீடு வீடாகப் போய், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். கணக்குக்காக உன்னைச் சுட்டுகிறவர்கள் ஒரு பக்கம், இந்த வரிக்காகவே சுட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம் என்றாள். நான் கட்டுரையை அவள் கையிலிருந்து வாங்கி, படிக்கத் தெரியாத அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு ஆணியையும் பிடுங்கி, துண்டை நேராக விரித்து, நாலையும் மறுபடி அடிக்கிற மாடு உலகத்தில் எங்கே இருக்கிறது? அதைச் சுருட்டி எடுத்தவன் நீ. அடுக்களையில் என் முகத்தைப் பார்த்த அன்றைக்கே உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும், ஆமாம்மா மாடுதான் என்றாய். வீட்டுக்குள் என் பொய்யை வாங்கிக்கொண்டாய். உலகத்துக்கு உண்மையை எழுதினாய். அந்த உண்மையிலும் பழியை உன் தலையில் வைத்துக்கொண்டாய்.

"யாரம்மே அது? சாரிடம் கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்" என்றாள் அந்தப் பெண்.

"நானாக்கும் மோளே" என்றேன். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு பாதையில் இறங்கி, தங்கம்மை அக்கா வீட்டு வாசலில் நின்று, எல்லாவற்றையும் அவளுக்கும் சொன்னேன். நீ எழுதிய வரியையும் சொன்னேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் தாய் எழுதுகிற கடிதம், சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. புது நாட்டில், புதுக் குடித்தனத்தில், உங்கள் இரண்டு பேருக்குள் ஏதாவது கோணலாக வந்தால், அதை எல்லாவற்றின் மேலும் பரப்பி விடாதீர்கள். அவள் வீட்டார், உன் வீட்டார், அவள் சமையல், உன் வேலை என்று எல்லாவற்றையும் வளைக்காதீர்கள். உட்கார்ந்து, எது நகர்ந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். கண்டுபிடித்த பிறகு அது ஏன் நகர்ந்தது என்று கேளுங்கள். நீ என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்திருப்பாய். உன் மனைவியிடம் அப்படி விட்டுவிடாதே. பேசாமல் மன்னிப்பது பெரிய மனசுதான். ஆனால் மன்னிக்கப்பட்டவள் எட்டு வருஷம் அது தெரியாமலேயே அலைந்தாள், பார்த்தாயா.

தக்க காரணம் என்று எழுதினாயே, அது என்ன காரணம் என்று உனக்குத் தெரியாது. தெரியாமலே அது தக்கதாகத்தான் இருக்கும் என்று எப்படி நம்பினாய்? இதை நினைத்து நினைத்து நான் ஒரு வாரமாக வியந்துகொண்டிருக்கிறேன். மூன்று தென்னை உயரத்திலிருந்து இரண்டு சாணைக் கண்டுபிடித்ததைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது. காரணத்தை மேலே எழுதிவிட்டேன். தக்கதுதானா என்று நீயே முடிவு செய்துகொள்.

தங்கம்மை அக்கா அன்றைக்கு முழுவதையும் கேட்டுவிட்டு, மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "டீச்சரே, அவனுக்கு எம்மேல கோவம் உண்டோ?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டிய பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கினதும் நம் வீட்டுக்கு வராதே. முதலில் உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு அவள் வாசலுக்குப் போ. அவள் விளைக்குள் இறங்கிப் போனால், பின்னாலேயே இறங்கிப் போ.

உன் அம்மா